வெளியே அரை மணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து ‘உச்சா’ போகிறதா? உங்கள் குட்டி நாயின் கணக்கே வேறு!

“ஏல, உன் நாய் இன்னைக்கும் பட்டாசாலையில ஒண்ணுக்கு இருந்துட்டு. வெளிய கூட்டிட்டுப் போனா சும்மா நிக்குது. உள்ள வந்ததும் போயிருது. நீ வந்து கூட்டிட்டுப் போயிரு.”

சென்னையிலோ பெங்களூரிலோ ஷிஃப்ட் முடித்து உட்காரும் நேரத்தில் அம்மாவிடமிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கிறதா? ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆறுமுகநேரி பக்கம் சொந்த வீடு இருக்கிற பல பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். நகரத்து அபார்ட்மென்ட்டில் ஆசையாக ஒரு ஷிட்சூவோ பொமரேனியனோ வாங்குவது. ஆறு மாதத்தில் நைட் ஷிஃப்ட், ஆன்சைட், கல்யாணம், ஹவுஸ் ஓனர் பிரச்சினை என்று ஏதாவது ஒன்று வரும். “ஊர்ல விட்டா நிம்மதியா ஓடி ஆடும்” என்று குட்டியைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து அப்பா அம்மாவிடம் விட்டுவிடுவது.

ஊர் வீட்டில் கொல்லை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, கால் வைத்தால் மண். நாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் குட்டி இவ்வளவு மண்ணையும் விட்டுவிட்டு, தேடி வந்து டைல்ஸ் மேல்தான் போகும். இல்லையென்றால் வாசல் மிதியடியில். திமிரா? பழிவாங்குகிறதா? இரண்டும் இல்லை. அதற்குக் கற்றுக்கொடுத்ததை அது சரியாகத்தான் செய்கிறது!

பெரியவர்களுக்கே இது புதுப் பாடம்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் ஊரில் இருக்கும் பெரியவர்களின் நாய் அனுபவம் அவ்வளவாக உதவாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் போன நாய்களை வளர்த்த பகுதி இது. அந்த நாய்கள் எங்கே இருந்தன? வாசலில், தோட்டத்தில், களத்தில். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே விரட்டு விழும். வெளியிலேயே வளர்ந்த நாய்க்கு ‘வெளியே போய்ப் போ’ என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை.

சோபாவில் தூங்கி, ஃபேனுக்கு அடியில் சாப்பிட்டு வளரும் குட்டி நாய் இந்தப் பகுதிக்குச் சமீபத்திய வரவு. அதனால் “நாங்க பார்க்காத நாயா” என்று அப்பா சொன்னால் அது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது வேற நாய்.

நாய்க்கு ‘வீடு’ தெரியாது, ‘தரை’தான் தெரியும்

பிறந்த குட்டிகளை முதல் சில வாரங்கள் தாய்தான் நக்கிச் சுத்தம் செய்யும். மூன்று வாரம் தாண்டி நடக்க ஆரம்பித்ததும், குட்டிகள் தாமாகவே படுக்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கப் பழகும். இது பிறவிக் குணம். அதன் பிறகு ஏழு, எட்டு, ஒன்பது வார வயதில் முக்கியமான ஒன்று நடக்கிறது. எந்த மாதிரித் தரையில் கால் வைத்தால் போக வேண்டும் என்பது குட்டியின் மனதில் பதிய ஆரம்பிக்கிறது. மண் என்றால் மண், புல் என்றால் புல், சிமென்ட் என்றால் சிமென்ட்.

நம் ஊரில் ‘40 நாள் குட்டி’ விற்பனை சகஜம். ஆனால், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. சீக்கிரமே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கடையில் சின்னக் கூண்டில் நாலைந்து குட்டிகளோடு அடைபட்டுக் கிடந்தால், படுக்கிற இடத்திலேயே போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பிறவியிலேயே வந்த சுத்தக் குணம் அங்கேயே மழுங்கிவிடுகிறது.

அங்கிருந்து குட்டி அபார்ட்மென்ட்டுக்கு வருகிறது. கீழே இறங்க லிஃப்ட் பிடிக்க வேண்டும். அதனால் பெட் ஷாப்பில் விற்கும் பஞ்சு போன்ற பேடை பாத்ரூம் பக்கத்தில் விரிக்கிறோம். அதில் போனால் “குட் பாய்!”. ஆக, மெத்தென்று சதுரமாக ஒன்று, பக்கத்தில் வழவழப்பான டைல்ஸ், இதுதான் போகும் இடம் என்று ஆறு மாதம் பாடம் நடக்கிறது. அதே குட்டியை ஏரல் வீட்டில் இறக்கிவிட்டால் அது எதைத் தேடும்? மெத்தென்று சதுரமாக இருக்கும் மிதியடியைத்தான். கொல்லையில் இருக்கும் மண் அதைப் பொறுத்தவரை விளையாடும் இடம்.

அதனால் முதல் வேலை, குட்டியைத் திட்டுவது இல்லை. பேடை வெளியே நகர்த்துவது. பழகிய பேடைப் புறவாசல் கதவருகே போடுங்கள். நாலைந்து நாள் கழித்து வாசற்படியைத் தாண்டி. பிறகு கொல்லையில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஓர் இடத்தில். அங்கே வந்ததும் பேட் மேல் ஒரு பிடி மண்ணைத் தூவுங்கள். நாளாக ஆக மண்ணைக் கூட்டி, பேடைக் கத்தரித்துச் சின்னதாக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் பேடே இல்லாமல் வெறும் மண்ணில் போகும். நடுவில் மறுபடி உள்ளே போனால் ஒரு படி பின்னால் வந்து தொடங்க வேண்டும். இந்தக் காலத்தில் வீட்டில் இருக்கும் மிதியடி, சின்னக் கார்ப்பெட் எல்லாவற்றையும் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிடுவது நல்லது.

வாக்கிங் போயும் ஏன் போகவில்லை?

“அரை மணி நேரம் தெருவைச் சுத்தினோம், ஒரு சொட்டு கூடப் போகல” என்பது அடுத்த புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் குட்டியின் மூத்திரப்பை இல்லை, தெரு.

நம் தெருக்களில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நாய்க் கூட்டம் இருக்கும். நாலு கிலோ எடையுள்ள குட்டிக்கு அது எதிரிப் பகுதி. சிறுநீர் கழிக்க உட்காரும்போது நாயால் உடனே ஓட முடியாது. பயம் இருக்கும் இடத்தில் அது உட்காராது, அடக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் உடம்பு தளரும், போய்விடும். பைக் ஹாரன், ஸ்பீக்கர், தீபாவளி வெடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஏரலில் ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் வரும் நாள்களில் குட்டியைத் தெருவுக்குக் கூட்டிப் போவது வீண் வேலை. கொல்லையோ மொட்டை மாடியோ போதும். கழிக்கும் இடம் வேறு, வாக்கிங் வேறு என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். காற்று வாங்கக் கூட்டிப் போங்கள், தப்பில்லை. ஆனால் படித்துறையைப் பழக்கப்படுத்தாதீர்கள். தாமிரபரணி பல ஊர்களுக்குக் குடிநீர். தவிர, நாயின் மலத்தில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கலாம். வெறுங்காலோடு நடக்கிற குழந்தைகளுக்கு அது ஆபத்து.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அவசரத்தில் இருக்கும் நாம், குட்டி வெளியே உச்சா போனதும் “சரி வா, வேலை முடிஞ்சுது” என்று உடனே உள்ளே இழுத்து வருவோம். குட்டி என்ன கற்றுக்கொள்ளும்? ‘போனால் ஜாலி முடிந்துவிடும்.’ அடுத்த நாளிலிருந்து அடக்கிக்கொண்டே சுற்றும். அதனால் போய் முடித்த பிறகு பத்து நிமிடமாவது விளையாட விடுங்கள்.

பரிசு கொடுப்பதிலும் இதே கணக்கு. குட்டி போய் முடித்த அந்த இரண்டு, மூன்று நொடிக்குள், அதே இடத்தில் வைத்து ஒரு துண்டு பிஸ்கட்டோ வேகவைத்த கோழியோ கொடுக்க வேண்டும். உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து கொடுத்தால், அது உள்ளே வந்ததற்கான பரிசு!

எத்தனை மணி நேரம் அடக்கும்?

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, மாதத்துக்கு ஒரு மணி நேரம். இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மணி நேரம், நான்கு மாதக் குட்டி நான்கு மணி நேரம். இதுவே உச்சவரம்பு, இலக்கு இல்லை. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள்ளும் கட்டாயம் வெளியே போக வேண்டும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும். மனிதக் குழந்தைக்கும் அப்படித்தானே. அதனால் சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்தினால் கக்கா நேரமும் தானாக ஒழுங்குக்கு வரும். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு கிடந்தால் நேரக் கணக்கே போய்விடும்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தலாம், தண்ணீரைக் கட்டுப்படுத்தக் கூடாது. “தண்ணி கொடுத்தாத்தானே போகும்” என்று கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்ட வெயிலில் அடர்ந்த முடியுள்ள ஒரு சின்ன நாய்க்கு அது உயிர் விளையாட்டு.

சின்ன நாய்களுக்கு இந்தப் பயிற்சி தாமதமாவது உண்மைதான். பெரிய நாய்களைவிடச் சிறிய நாய்களில்தான் பயிற்சி அரைகுறையாக நிற்பது அதிகம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. மூத்திரப்பை சிறியது என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கென்னவோ பெரிய காரணம் நாம்தான் என்று தோன்றுகிறது. லாப்ரடார் ஹாலில் போனால் வீடே குளம். அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து பயிற்சியை ஆரம்பித்துவிடுவோம். பொமரேனியன் போனால் இரண்டு ஸ்பூன் தண்ணீர். துடைத்துப் போட்டுவிட்டு “குட்டிதானே” என்று போய்விடுகிறோம். அந்த இரண்டு ஸ்பூன் தினமும் சேர்ந்து ஒரு வருடப் பழக்கமாகிவிடுகிறது.

மழை வந்தால் எல்லாம் போச்சு!

தாமிரபரணிக் கரையில் இந்தப் பயிற்சிக்கு உண்மையான பரீட்சை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். வடகிழக்குப் பருவமழையில் கொல்லை முழுக்கச் சேறு. வயிறு தரையைத் தொடும் உயரத்தில் இருக்கும் நாய், குளிர்ந்த தண்ணீரில் இறங்க மறுக்கும். இரண்டு மாதமாகச் செய்த பயிற்சி ஒரே வாரத்தில் காணாமல் போகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரலுக்குள் வெள்ளம் புகுந்தது, ஆற்றுப்பாலம் சேதமாகிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் நாயின் பழக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் சாதாரண மழை வாரங்களுக்கு முன்கூட்டியே தயாராகலாம். செப்டம்பரிலேயே, மழை படாத ஒரு மூலையில், தார்சாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ, அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில் நாலு விரல்கடை உயரத்துக்குத் தோட்டத்து மண்ணை நிரப்பி வையுங்கள். (தாமிரபரணி மணலுக்குப் போக வேண்டாம், அதற்கு ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.) குட்டி ஏற்கனவே போகும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அதில் கலந்தால் வாசனை வழிகாட்டும். மழை இல்லாத நாளிலேயே அதில் தினமும் ஒரு தடவை பழக்கிவிட்டால், மழை நாளில் பதற்றம் இருக்காது.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் சிறுநீர் கிடப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலி மட்டுமல்ல, நோய் தொற்றிய நாயின் சிறுநீரிலும் வெளியேறும். தேங்கிய நீரில் வாய் வைக்கும் நாய்க்குத் தொற்ற வாய்ப்பு அதிகம். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகளில் லெப்டோவுக்கும் சேர்த்து வருவது உண்டு. உங்கள் குட்டிக்குப் போட்டதில் அது இருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைக் காட்டி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துடைக்கும்போது கையுறை போடுவது நல்லது. காலில் காயம், வெடிப்பு இருக்கும் பெரியவர்கள் வெறுங்காலோடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பினாயில் ஊற்றினால் போகுமா?

போகாது. நம் மூக்குக்குத்தான் போகும். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வாடை வருகிறது. பினாயில் அதற்கு மேல் ஒரு வாசனையைப் பூசுகிறது, அவ்வளவுதான். நாய் மூக்கு நம்முடையதைவிடப் பல ஆயிரம் மடங்கு கூர்மை. டைல்ஸ் இடுக்கில், பழைய வீட்டுச் சிமென்ட் தரையில் ஊறி இருப்பதை அது எளிதாகக் கண்டுபிடித்து ‘ஓ, இதுதான் நம்ம இடம்’ என்று மறுபடி அங்கேயே போகும். போதாக்குறைக்கு, பினாயில் பட்ட பாதத்தை நக்கினால் நாயின் வாயும் வயிறும் புண்ணாகும்.

முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு செல்லப்பிராணிகளுக்கென விற்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். கிடைக்காவிட்டால், தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடைத்து, காய்ந்ததும் ஆப்பச்சோடா தூவி எடுக்கலாம். பிளீச்சிங் பவுடரை மட்டும் சிறுநீர் மேல் நேரடியாகக் கொட்டாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாக பிளீச்சிங் பவுடர் போடும் ஊர் இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

நாய் வராமல் இருக்க மூலையில் அந்துருண்டை போடுவதும் வேண்டாம். ஒன்றைத் தின்றாலே சின்ன நாயின் உயிருக்கு ஆபத்து.

“தப்பு பண்ணிட்டு எப்படி முழிக்குது பாரு!”

மூக்கைப் பிடித்து அதன் மேலேயே தேய்ப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் ‘வைத்தியம்’. அடி வாங்கும் முன்பே குட்டி காதைச் சாய்த்து, வாலை உள்ளே இழுத்து முழிக்கும். உடனே “பாரு, அதுக்கே தெரியுது” என்போம்.

நியூயார்க்கில் உள்ள பர்னார்ட் கல்லூரியின் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். 14 நாய்கள். சாப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்ட தின்பண்டத்தைச் சில நாய்கள் சாப்பிட்டன, சில சாப்பிடவில்லை. ஆனால் உரிமையாளர் திட்டியபோதெல்லாம் அந்தக் ‘குற்ற உணர்ச்சி’ முகம் வந்தது. தப்பே செய்யாத நாய்க்கும் வந்தது! அதாவது அது நம் கோபத்துக்கான பதில். தான் செய்ததைப் பற்றிய வருத்தம் இல்லை.

பத்து நிமிடத்துக்கு முன் போனதற்கு இப்போது அடித்தால், ‘மனுஷன் முன்னாடி போகக் கூடாது’ என்பதுதான் அதற்குப் புரியும். அதன் பிறகு நீங்கள் வெளியே கூட்டிப் போனாலும் உங்கள் கண் முன்னால் போகாது. உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் போகும். போகும்போதே பார்த்துவிட்டால், கை தட்டிக் கவனத்தைத் திருப்பி, அப்படியே தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோங்கள். பார்க்கத் தவறிவிட்டால் பேசாமல் துடைத்துவிட்டுப் போவதுதான்.

வயதான அப்பா அம்மாவால் நாள் முழுக்கக் குட்டியின் பின்னால் அலைய முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில் குட்டியை வீடு முழுக்க விடாமல், ஒரு சின்னத் தடுப்புக்குள், அது படுக்கும் இடத்தோடு வைத்திருக்கலாம். மணிக்கணக்கில் அடைத்துப் போடுவது வேறு, ஒரு மணி நேரம் அங்கே ஓய்வெடுக்க விடுவது வேறு. காலை, மதியம், இரவு என்று வெளியே கொண்டுபோகும் நேரங்களுக்கு நீங்கள் சென்னையிலிருந்தே அப்பா போனில் அலாரம் வைத்துக்கொடுக்கலாம். முதல் இரண்டு வாரம் லீவ் போட்டு, கூட இருந்து பழக்கிவிட்டு வருவது இன்னும் நல்லது.

தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தால் தெருப் பக்கமே வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேறு நாய்கள் வராத கொல்லையும் மாடியும் போதும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாமல், பஸ் ஸ்டாண்டிலோ பைபாஸ் ஓரத்திலோ இறக்கிவிட்டு வந்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. பசியில் சாகும் என்று தெரிந்தே வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். அபராதம் சொற்பம்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த ஷிட்சூவுக்குத் தெரு நாய்களிடம் ஒரு ராத்திரி தாங்குவதே கஷ்டம்.

எப்போது டாக்டர்?

ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தால், அதைப் பயிற்சிக் குறையாகப் பார்க்காதீர்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் சிறுநீர்த் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கத்தில் கசிவது கருத்தடை செய்த பெண் நாய்களில் வரக்கூடியது, மருந்து உண்டு. ஆண் நாய் காலைத் தூக்கிச் சுவரில் கொஞ்சமாக அடிப்பது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பல நாய்களில் குறையும். யாராவது குனிந்து கொஞ்சும்போது மட்டும் சொட்டுவிட்டால் அது பணிவும் பயமும், வளர வளரப் போய்விடும். சொட்டே வராமல் முக்கிக்கொண்டிருந்தால் மட்டும் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே ஓட வேண்டும்.

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது அன்று காலை முதல் சிறுநீரைச் சுத்தமான சின்ன டப்பாவில் பிடித்துக் கொண்டுபோனால் டாக்டருக்கு வேலை சுலபம். சின்ன நாய் தரையோடு தரையாக உட்காரும், டப்பா அடியில் போகாது. நீளக் காம்புள்ள ஒரு குழிக்கரண்டியைக் கழுவிக் காயவைத்து, பின்பக்கமாக நீட்டிப் பிடிக்கலாம். அந்தக் கரண்டி இனி அடுக்களைக்குத் திரும்பப் போவதில்லை என்பதை மட்டும் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.